ஆறு வருட ஓ.எஸ். (அசல் சிவில் வழக்கு), இன்னும் சாட்சி விசாரணையே தொடங்கவில்லை: சீக்கிரம் தேதி வாங்க வழி உண்டா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா வாதி. பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லையைத் தாண்டி வருகிறார்கள் என்று விளம்புகையும் (உரிமையை அறிவிக்கும் தீர்ப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் (நிரந்தரத் தடை உத்தரவு) கேட்டு 2019-ல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். பிரதிவாதிகள் நாலு பேர். இடைக்காலத் தடை கேட்ட ஐ.ஏ.வில் (வழக்குக்குள் போடும் இடைக்கால மனு) நோட்டீஸ் மட்டும் போனது, தடை கிடைக்கவில்லை, அந்த மனுவும் முடியவில்லை. நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கக் கமிஷனர் போடச் சொல்லிக் கேட்ட மனு ஒன்றும் நிலுவையில் இருக்கிறது. மூன்றாம் பிரதிவாதி போன வருடம் இறந்துவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடுவில் ஆறு வாரம், எட்டு வாரம் ஓடிவிடுகிறது. சீக்கிரம் தேதி போடச் சொல்லி மனுக் கொடுக்கலாமா, ஹைகோர்ட்டில் உத்தரவு வாங்கலாமா, வக்கீலை மாற்றலாமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: வழக்கு ஏன் நகரவில்லை?

இரண்டு வாய்தாவுக்கு நடுவில் இருக்கிற எட்டு வாரம் உங்கள் வழக்கின் பெரிய நோய் இல்லை. ஒரு முன்சீப் கோர்ட்டில் ஒரே நாளில் பட்டியலில் வரும் வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த இடைவெளியைப் பெரிதாகக் குறைக்க முடியாது என்பது புரியும். வருகிற தேதியில் எதுவும் நடக்காமல் போவதுதான் நோய். வருடத்துக்கு ஆறு வாய்தா வந்து, ஆறிலும் ஏதாவது ஒரு கட்டம் முடிந்தால், எல்லை வழக்கு இரண்டரை, மூன்று வருடத்தில் தீர்ப்புக்கு வந்துவிடும். ஆறு வாய்தாவில் ஐந்து வெறும் ஒத்திவைப்பாகவே முடிந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேதி வாங்கினாலும் வழக்கு அதே இடத்தில்தான் நிற்கும். அதனால் தேதியை முன்னால் கொண்டுவருவதைவிட, அடுத்த தேதி எதற்காகப் போடப்பட்டிருக்கிறது, அன்று அது நடக்க என்னென்ன கைவசம் இருக்க வேண்டும் என்று பார்ப்பதே முதல் வேலை.

அதற்கு இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டு, வழக்கின் வரலாற்றை முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் அது எதற்காகப் போடப்பட்டது என்று இருக்கும்: சம்மன், கவுண்டர் (மனுவுக்கு மறுதரப்பின் பதில்), என்கொயரி (மனுமீதான விசாரணை), கமிஷனர் ரிப்போர்ட், இப்படி. ஒரு தாளில் நாலு பத்தி போட்டு, தேதி, எதற்காக, என்ன நடந்தது, யார் வாய்தா கேட்டது என்று எழுதுங்கள். இணையத்தில் கடைசி இரண்டு விவரமும் பல நேரம் இருக்காது. அதற்கு வழக்குக் கட்டில் இருக்கிற குறிப்புத் தாளின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட வேண்டும். பி டைரி நகல் என்று கேட்டால் வக்கீல் குமாஸ்தாவுக்குத் தெரியும். அந்த நகல் பின்னால் ஹைகோர்ட் போனாலும் தேவைப்படும். இந்தத் தாளை எழுதி முடித்தாலே பாதி விஷயம் வெளிச்சமாகிவிடும். "எதிர்த்தரப்புதான் இழுக்கிறது" என்று நம்பியிருப்பவர்கள் பலருக்கு, பாதி வாய்தா தங்கள் பக்கம் பேட்டா (சம்மன் அனுப்பக் கட்டும் கட்டணம்) கட்டாததால் போனது என்று இந்தத் தாளில்தான் தெரியவரும்.

பேட்டாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், தாமதத்தின் முதல் வருடம் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது. கோர்ட் "சம்மன்" என்று உத்தரவு போட்டாலும், வாதி பேட்டாவும் தேவையான நகல்களும் கட்டினால்தான் சம்மன் கோர்ட்டின் சம்மன் பிரிவான நாசர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து அதை நேரில் சேர்க்கும் ஊழியரான அமீனா கைக்குப் போகும். அடுத்த வாய்தாவுக்கு மூன்று நாள் முன்னால் கட்டினால் அமீனா போய்ச் சேர்ப்பதற்குள் தேதி தாண்டிவிடும், "மறு சம்மன்" என்று இன்னொரு எட்டு வாரம். உத்தரவான வாரத்திலேயே கட்டுங்கள். கதவு எண், தெரு, அப்பா பெயர், அடையாளம் சொல்ல ஓர் ஊர்க்காரரின் பெயர் எல்லாம் சரியாக இருக்கட்டும். அமீனா வழியோடு பதிவுத் தபாலிலும் அனுப்பக் கேளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 5 விதி 9-ன்படி, முகவரி சரியாகப் போட்டு ஒப்புகை அட்டையோடு அனுப்பிய சம்மனை வாங்க மறுத்தால் அதைச் சேர்ந்ததாகவே கோர்ட் கொள்ளலாம். ஒப்புகை அட்டை தொலைந்து, அனுப்பிய 30 நாளில் திரும்ப வராவிட்டாலும் அப்படியே கொள்ளலாம். இன்னொரு பக்கம், சம்மன் சேராமல் திரும்பி வந்து ஏழு நாளுக்குள் புதிய சம்மன் கேட்காவிட்டால் கட்டளை 9 விதி 5 அந்தப் பிரதிவாதி மட்டில் வழக்கைத் தள்ளுபடி செய்ய வழி வைத்திருக்கிறது. நடைமுறையில் கோர்ட்டுகள் அவ்வளவு கடுமையாகப் போவதில்லை என்றாலும், அந்த விதி இருக்கிறது.

ஆள் ஊரிலேயே இருந்துகொண்டு வாங்காமல் ஒளிகிறார் என்றால் கதவில் ஒட்டுவதும், அதற்குப் பிறகு பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பதும் வழி. ஆனால் ஒட்டிய அமீனாவின் அறிக்கையில் யார் முன்னிலையில், எந்த வீட்டில் ஒட்டினார் என்று இருக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போய் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கினால், இரண்டு வருடம் கழித்து "எனக்குச் சம்மனே வரவில்லை" என்று ஒரு மனு வரும், தீர்ப்பு ரத்தாகும், வழக்கு முதல் படிக்குத் திரும்பும். சம்மன் விஷயத்தில் மிச்சப்படுத்திய இரண்டு மாதம் இரண்டு வருடத்தைத் தின்றுவிடும்.

உங்கள் வழக்கில் சம்மன் கட்டம் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது மிக அவசரமானது இறந்துபோன மூன்றாம் பிரதிவாதி விஷயம். இதை யாரும் தொடாமல் வைத்திருந்தால் மற்ற எந்தத் தேதியிலும் எதுவும் நடக்காது. ஒரு பிரதிவாதி இறந்தால் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க 90 நாள் அவகாசம். அது போனால் அவர் மட்டில் வழக்கு தானாக அற்றுப்போகிறது. அதை நீக்கக் கேட்க இன்னும் 60 நாள். அதுவும் போனால் 151-வது நாளிலிருந்து தாமதத்தைக் கணக்குப் போட்டு, தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, அற்றுப்போனதை நீக்க ஒரு மனு, வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு என்று மூன்றும் ஒன்றாகப் போட வேண்டும். தனித்தனியாக, ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்று போடுவதுதான் இங்கே நடக்கிற வழக்கமான கோளாறு, அதில் ஒரு வருடம் போய்விடும். தாமதம் எத்தனை நாள் என்பதைச் சரியாகக் கணக்கிட்டு எழுதுங்கள். நாள் கணக்குத் தப்பினால் மனு திருத்தத்துக்குத் திரும்பும். வாரிசுச் சான்றிதழ் கையில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எதிர்த்தரப்பு வாரிசுகளின் சான்றிதழை நீங்கள் வாங்குவதும் சுலபமில்லை. விசாரித்துத் தெரிந்த பெயர், உறவு, முகவரியைப் பிரமாண வாக்குமூலத்தில் எழுதினால் போதும், விட்டுப்போனவர் இருந்தால் அவர்கள் சொல்லட்டும். எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தன் கட்சிக்காரர் இறந்ததைக் கோர்ட்டுக்குச் சொல்லும் கடமை கட்டளை 22 விதி 10-ஏ-வில் இருக்கிறது. அவர் எப்போது சொன்னார், அல்லது சொல்லவே இல்லையா என்பது உங்கள் தாமதத்துக்குப் பதில் சொல்ல உதவும்.

இதில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. அந்த மூன்றாம் பிரதிவாதி எதிருரை (வழக்குக்குப் பிரதிவாதி எழுதிக் கொடுக்கும் பதில்) போடாமல், அல்லது போட்டுவிட்டு வராமல், ஒருதலைப்பட்சமாக வைக்கப்பட்டவர் என்றால், கட்டளை 22 விதி 4(4)-ன்படி வாரிசுகளைச் சேர்ப்பதிலிருந்து விலக்குக் கேட்கலாம். அந்த விலக்கைத் தீர்ப்புக்கு முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும், பிறகு கேட்டால் பயனில்லை. ஆனால் பிரச்சினை இருக்கிற வரப்பு அவர் பங்கில்தான் வருகிறது என்றால் விலக்கு வாங்காதீர்கள். நாளைக்குக் கல் நடப் போகும்போது அவருடைய பிள்ளைகள் "நாங்கள் வழக்கிலேயே இல்லையே" என்று நிற்பார்கள். உங்கள் கட்டைப் பார்க்காமல் எது பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது தடை மனு. நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்கிறேன்: ஆறு வருடமாகத் தடை இல்லாமல் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த ஐ.ஏ.வை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம் என்று யோசியுங்கள். என்கொயரி என்று ஒவ்வொரு வாய்தாவும் அந்த மனுவுக்கே போகிறது. அதில் இரண்டு பக்கமும் வாதம், உத்தரவு, அதற்கு மேல் சி.எம்.ஏ. என்கிற மேல்முறையீடு என்று போனால் இன்னும் இரண்டு வருடம். "மனுவை வலியுறுத்தவில்லை, அசல் வழக்கையே விசாரணைக்கு எடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் நீதிபதிகள் பெரும்பாலும் வரவேற்பார்கள். எதிர்த்தரப்பு இப்போது கட்டடம் எழுப்புகிறது, மரம் வெட்டுகிறது என்றால் கதை வேறு. அப்போது பழைய மனுவை நம்பாமல், தேதியிட்ட புகைப்படங்களோடு புதிய சம்பவத்தைச் சொல்லி அன்றே அவசர மனுப் போடுங்கள்.

உங்களைப் போல் இல்லாமல், ஒருதலைப்பட்சமான தடையை எதிர்த்து நிற்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்குக் கட்டளை 39 விதி 3-ஏ இருக்கிறது. மறுதரப்பைக் கேட்காமல் கொடுத்த தடையைப் பற்றிய மனுவை, கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முடிக்கக் கோர்ட் முயல வேண்டும், முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் சொன்னது: 30 நாளில் முடிக்காமல் தடையை நீட்டிக்கொண்டே போனால், பாதிக்கப்பட்டவர் அந்த உத்தரவின்மேல் நேராக மேல்முறையீடு செய்யலாம். தடை வாங்கியவர் மனு, வழக்குரை, ஆவண நகல்களை உடனே மறுதரப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்குப் பிரமாண வாக்குமூலம் போட வேண்டும் என்பதும் அதே கட்டளையில் இருக்கிறது. அது நடந்ததா என்று கட்டைப் பாருங்கள்.

எல்லை வழக்கில் நடுநாடி கமிஷனர் மனுதான். அட்வகேட் கமிஷனரும் தாலுகா சர்வேயரும் சேர்ந்து அளந்து வரைபடம் கொடுத்துவிட்டால், சாட்சி விசாரணை பாதியாகக் குறைந்துவிடும், சில வழக்கு சமாதானத்திலேயே முடியும். ஆனால் இதே வேலை இரண்டு வருடம் இழுப்பதும் சகஜம், காரணங்கள் எப்போதும் ஒன்றேதான். கமிஷனரை அமர்த்தும் உத்தரவான வாரண்ட் கிடைத்த பிறகு சர்வேயரை அனுப்பச் சொல்லித் தாசில்தாருக்குக் கோர்ட்டிலிருந்து கடிதம் போக வேண்டும். அது போனதா என்று யாரும் பார்ப்பதில்லை. அளவைக் கட்டணம் கட்டியிருக்காது. புல வரைபட நகல், 'அ' பதிவேட்டு (கிராம நில விவரப் பதிவேடு) நகல், பட்டா, கிரயப் பத்திரம் கமிஷனர் கையில் இருக்காது. உட்பிரிவு ஆகியிருக்கிற புலத்தில் பழைய வரைபடத்தையும் புதியதையும் சேர்த்துப் பார்க்காமல் அளந்து, அளவு பத்திரத்தோடு ஒத்துவராது. மறுதரப்புக்கு முறையாக நோட்டீஸ் போகாமல் அளந்திருப்பார், ஆட்சேபம் வரும், அதே கமிஷனரையே மறுபடி அனுப்புவார்கள். நெல் கதிர் வாங்கி நிற்கிற வயலில் சங்கிலி போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அறுவடை எப்போது என்று பார்த்து, அதற்கு அடுத்த வாரத்துக்கு ஆய்வுத் தேதி கேளுங்கள்.

மனு அனுமதியான அன்றே செய்ய வேண்டியது இது. கமிஷனரின் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளக்க வேண்டும், எந்தக் கல், எந்த வரப்பு, எந்த மரத்தைக் குறிக்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில் குறிப்பாணை எழுதி, நகலை எதிர் வக்கீலுக்குக் கொடுத்து, கமிஷனரிடம் சேர்த்துவிடுங்கள். கோர்ட் கடிதத்தின் நகலோடு யாராவது ஒருவர் தாலுகா அலுவலகம் போய்த் தேதி உறுதி செய்துகொள்ள வேண்டும். கமிஷனரை எதற்குக் கேட்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். எல்லை எங்கே, சுவர் எத்தனை மீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்பதற்குக் கேட்டால் சரி. நிலம் யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கேட்டால் மனு தள்ளுபடியாகும், அதன்மேல் சீராய்வு, இன்னொரு வருடம்.

எதிருரை விஷயத்தில் சட்டம் 30 நாள் என்கிறது, காரணம் எழுதி 90 நாள் வரை நீட்டலாம். இதைப் பிடித்துக்கொண்டு "91-வது நாள் கதவு மூடிவிட்டது" என்று சொல்கிறவர்கள் உண்டு. சாதாரண வழக்கில் அது நிச்சயமில்லை. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், அந்தக் காலவரை வழிகாட்டுவதுதான், மிக அரிதான நிலையில் தாண்டலாம் என்றது. 120 நாளுக்கு மேல் ஒருநாளும் கூடாது என்று நீங்கள் எங்கேனும் படித்திருந்தால் அது வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் வரும் வழக்குக்கு, வரப்புத் தகராறுக்கு இல்லை. ஆகவே எதிர்த்தரப்பின் எதிருரையைத் தடுத்து நிறுத்துவதில் சக்தியைச் செலவழிக்காமல், தாமதத்துக்குச் செலவுத் தொகை கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு நகர்வதே நல்லது.

எதிருரை வந்தவுடன் வழக்கெழுவினா (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வரையக் கேளுங்கள். நீதிபதியின் மேஜைக்கு வரும்போதே வரைவு எழுவினாக்கள் தட்டச்சாகிக் கட்டில் இருந்தால் அந்தக் கட்டம் ஒரே வாய்தாவில் முடியும். எழுவினா வரைந்த 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியல் போட வேண்டும். மூல ஆவணங்கள் அதற்கு முன்னாலேயே கோர்ட்டில் இருக்க வேண்டும். பின்னால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் அனுமதி மனு, கவுண்டர், உத்தரவு என்று மூன்று வாய்தா போகும். இந்த இடத்தில் பலரும் பயன்படுத்தாமல் விடுகிற ஆயுதம் ஒன்று இருக்கிறது. கட்டளை 12 விதி 2-ன்படி, உங்கள் ஆவணங்களை ஒப்புக்கொள்ளச் சொல்லி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். ஏழு நாளில் பதில் வேண்டும். குறிப்பாக மறுக்காதவற்றை ஒப்புக்கொண்டதாகக் கோர்ட் கொள்ளலாம், வீம்புக்கு மறுத்தால் நிரூபித்த செலவை அவர்மேல் போடலாம். பதிவான கிரயப் பத்திரத்தை நிரூபிக்கச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆள் வரவழைக்கும் இரண்டு, மூன்று வாய்தா இதனால் மிஞ்சும்.

சாட்சி விசாரணைக்கான லிஸ்ட்டில் வழக்கு வந்த பிறகு சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. முதல் விசாரணை (சாட்சி தன் தரப்புக்காகச் சொல்வது) வாக்குமூலமாக எழுதிக் கொடுப்பதுதான், அதன் நகலை வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பே எதிர் வக்கீலிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "இன்றுதான் நகல் கிடைத்தது, குறுக்கு விசாரணைக்கு வாய்தா வேண்டும்" என்று சொல்ல இடம் இருக்காது. கட்டளை 17 விதி 1, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று ஒத்திவைப்புக்கு மேல் இல்லை என்கிறது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமாகாது என்றும் அதிலேயே இருக்கிறது. சாட்சி கூண்டில் இருந்து, எதிர்த்தரப்பு வக்கீல் வராவிட்டால், கோர்ட் தன் போக்கில் சாட்சியத்தைப் பதிந்து முடிக்கலாம். மூன்று என்ற எண்ணிக்கையும் கல்லில் செதுக்கியது இல்லை. தவிர்க்கவே முடியாத காரணம் இருந்தால் நான்காவது கொடுக்கலாம் என்று அதே 2005 தீர்ப்பு விட்டுவைத்திருக்கிறது. நிச்சயமாக வேலை செய்கிற கருவி அதே நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35-பி. வாய்தாவுக்குச் செலவுத் தொகை போட்டு உத்தரவானால், அதைக் கட்டாமல் அந்தத் தரப்பு மேற்கொண்டு வழக்கை நடத்த முடியாது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் உங்கள் வக்கீல் எழுந்து, "வாதியும் சாட்சியும் வந்திருக்கிறார்கள், ஆட்சேபிக்கிறோம், செலவுத் தொகை வேண்டும்" என்று சொல்லி அது குறிப்பில் ஏறியிருக்க வேண்டும். பேசாமல் கோட்டைச் சரிசெய்துகொண்டு நின்றால், குறிப்பில் "இருதரப்பு வேண்டுகோளின்படி" என்று விழும். ஆறு மாதம் கழித்து ஹைகோர்ட்டில் அந்த வரியைக் காட்டி உங்கள்மேலேயே பழி போடுவார்கள்.

இனி நீங்கள் கேட்ட மூன்றுக்கும் நேராக வருகிறேன். முன்கூட்டி விசாரிக்கக் கேட்கும் மனு, அட்வான்ஸ் ஹியரிங் என்பார்கள், போடலாம். நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 151-ன் கீழ் வாக்குமூலத்தோடு போட்டு, எதிர் வக்கீலுக்கு நகல் கொடுத்து, "நகல் பெற்றேன்" என்று எழுதி வாங்க வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்து அன்று ஏதாவது உத்தரவானால் அது நிற்காது. "வழக்கு பழையது, சீக்கிரம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் "தள்ளுபடி" என்று ஒரே வரியில் போகும், நியாயமும் அதுதான், அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் பழைய வழக்கு. குறிப்பிட்ட காரணமும் குறிப்பிட்ட வேலையும் இருக்க வேண்டும்: அறுவடை முடிந்தது, சர்வேயர் இந்தத் தேதியில் வருகிறார், அதற்கு முன் கமிஷனர் மனுவில் உத்தரவு வேண்டும், இப்படி. உங்கள் அப்பாவுக்கு எழுபத்தாறு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இதைவிடப் பலமான வழி உண்டு. கட்டளை 18 விதி 16-ன்படி, போதிய காரணம் காட்டி ஒரு சாட்சியை உடனே விசாரிக்கக் கேட்கலாம், வழக்கு அந்தக் கட்டத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடமாட முடியாதவர் என்றால் கட்டளை 26-ன் கீழ் வீட்டிலேயே கமிஷனர் முன் சாட்சியம் பதியலாம். மருத்துவச் சான்று இணைத்து, இதை இந்த மாதமே செய்யுங்கள். எல்லை எப்படி இருந்தது என்று நேரில் அறிந்து சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்றால், வேறு எந்த மனுவைவிடவும் இதுதான் முக்கியம்.

ஹைகோர்ட்டுக்குப் போவது: அரசியலமைப்பு 227-வது பிரிவின் கீழ் சி.ஆர்.பி. (சிவில் சீராய்வு மனு) போட்டு, இத்தனை மாதத்துக்குள் முடிக்க உத்தரவு வாங்குவது இங்கே வெகுநாளாக நடக்கிற வழி. உங்கள் ஊரைப் பொறுத்துச் சென்னை அல்லது மதுரைக் கிளை. ஆனால் இது முன்புபோல் உறுதி என்று சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கீழ்க் கோர்ட் வழக்குகளுக்கு உயர் நீதிமன்றங்கள் காலக்கெடு விதிப்பதைச் சாதாரணமாகத் தவிர்க்க வேண்டும், விதிவிலக்கான நிலையில்தான் செய்ய வேண்டும் என்றது. ஏற்கெனவே வரிசையில் நிற்கிறவர்களைத் தாண்டி ஒருவரை முன்னால் விடுவது சரியில்லை என்பது அதன் காரணம். அது நியாயமான காரணம் என்றே நானும் நினைக்கிறேன். அதே தீர்ப்பு, ஹைகோர்ட் போட்ட தடை ஆறு மாதத்தில் தானாகக் கழன்றுவிடும் என்ற 2018-ன் நிலைப்பாட்டையும் நீக்கிவிட்டது. எனவே உங்கள் வழக்கின்மேல் ஹைகோர்ட் தடை இருந்தால் அதை நீக்கத் தனியாக மனுப் போட்டே ஆக வேண்டும். காலக்கெடு கிடைத்தாலும் அது உங்களையும் கட்டும்: வாரிசுகள் சேராமல், கமிஷனர் அறிக்கை வராமல் ஆறு மாதக் கெடு வாங்கினால், அரைகுறைச் சாட்சியத்தோடு வாதம் பேச வேண்டிவரும், அல்லது நீங்களே போய் நீட்டிப்புக் கேட்க வேண்டிவரும். லிஸ்ட்டில் வந்து, உங்கள் பக்கம் தயார் என்று குறிப்பில் ஏறி, எதிர்த்தரப்பு இழுப்பது பி டைரியில் தெரிகிற நேரத்தில் போங்கள். அப்போது அது நல்ல மனு.

இதற்கிடையில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிவில் வழக்குத் தாமதம் பற்றிக் கொடுத்த உத்தரவில், ஐந்து வருடத்துக்கு மேலான வழக்குகளின் விவரத்தை மாதந்தோறும் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு அனுப்பச் சொன்னது. உங்கள் வழக்கு அந்தக் கணக்கில் வருகிறது. பழைய வழக்கு என்பதை ஒவ்வொரு மனுவின் முதல் பத்தியிலும் வருடத்தோடு எழுதுங்கள். மாவட்ட நீதிபதிக்குப் புகார்க் கடிதம் அனுப்புவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நிர்வாகக் கோளாறு, கட்டுத் தொலைந்தது, நகல் தரவில்லை என்பவற்றுக்கு அது பயன்படும். தேதியை மாற்றவோ உத்தரவைத் திருத்தவோ பயன்படாது.

சில தாமதங்களை யாராலும் தடுக்க முடியாது, ஆனால் கணக்கில் வைக்கலாம். மே மாதம் சிவில் கோர்ட் விடுமுறை. ஏப்ரல் கடைசியில் ஒரு வாய்தா வீணானால் அடுத்தது ஜூன் பாதிக்கு மேல்தான். நீதிபதி மாற்றல் உத்தரவும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் வரும். புது நீதிபதி வரும்வரை பொறுப்பு நீதிபதி அவசர மனு மட்டும் பார்ப்பார். சாட்சியம் பதிந்தது அப்படியே செல்லும், மறுபடி விசாரிக்க வேண்டியதில்லை. வாதம் மட்டும் மறுபடி கேட்க வேண்டும். அதனால் வாதம் முடிந்த அன்றே எழுத்துப்பூர்வ வாதத்தையும் கொடுத்துவிடுங்கள். சட்டப்படி வாதம் முடிந்து 30 நாளில், விதிவிலக்காக 60 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் வாதத்தை முடிப்பதும் ஏப்ரல் நடுவில் முடிப்பதும் ஒன்றல்ல.

மக்கள் நீதிமன்றம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சர்வேயர் வரைபடம் கைக்கு வந்த பிறகு ஒருமுறை முயலுங்கள். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வரைபடம் வருவதற்கு முன்னால் போனால் இரண்டு பக்கமும் வாயால் எல்லை சொல்லிக்கொண்டிருப்பீர்கள், இரண்டு வாய்தா போவதுதான் மிச்சம்.

கடைசியாக வக்கீல். மாற்றுவதற்கு முன் இப்போதிருப்பவரிடம் உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள்: அடுத்த தேதி எதற்காக, அன்று நாம் என்ன தாக்கல் செய்ய வேண்டும், மூன்றாம் பிரதிவாதி வாரிசு மனு எங்கே நிற்கிறது, கமிஷனர் மனுவில் கவுண்டர் வந்துவிட்டதா. நாலுக்கும் கட்டைப் பார்த்துப் பதில் வந்தால் அவர் போதும், பணமும் ஆவணமும் நேரத்துக்குக் கொடுங்கள். இரண்டு சந்திப்பிலும் "பார்த்துக்கலாம்" என்றுதான் பதில் என்றால் மாற்றலாம். ஆட்சேபணையில்லாக் கையெழுத்தும் முழுக் கட்டும் வாங்கிய பிறகே புது வக்காலத்துப் போடுங்கள். வாரிசு மனுவுக்குரிய நாள் ஓடிக்கொண்டே இருப்பதால், மாற்றுவதானாலும் அந்த மூன்று மனுவையும் முதலில் தாக்கல் செய்துவிட்டு மாற்றுங்கள்.